தட்டணுக்களின் தரம்: சேமிப்புக் கரைசல் கூட்டியது எது, குறைத்தது எது?

1. கேள்வியும் அதன் எல்லையும்

கொடையாகப் பெறப்படும் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் கூறுகளுள் மிகக் குறுகிய காலமே தாங்குபவை தட்டணுக்கள். சிவப்பணுக்களை உரிய கரைசலில் இட்டுக் குளிர்பெட்டியில் 42 நாள்கள் வரை வைத்திருக்கலாம். பிளாஸ்மாவை உறையவைத்து ஓராண்டு வரை காக்கலாம். தட்டணுக்களுக்கோ பெரும்பாலான இரத்த வங்கிகளில் 5 நாள்களும், கிருமிச் சோதனை கூடுதலாகச் செய்யப்படும் சில நாடுகளில் 7 நாள்களுமே அவகாசம். இரத்தப் புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுபவர்கள், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு உட்பட்டவர்கள், பெரிய இதய அறுவையின்போது இரத்தம் இழப்பவர்கள் ஆகியோருக்கு, இந்தச் சில நாள்களில் ஒரு பைக்குள் அணுக்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது உயிர் சார்ந்த கேள்வியாகும்.

அந்தப் பைக்குள் தட்டணுக்கள் எந்தத் திரவத்தில் மிதக்கின்றன என்பது நெடுங்காலம் ஒரு கேள்வியாகவே எழவில்லை. கொடையாளரின் பிளாஸ்மாவிலேயே அவை விடப்பட்டன. 1980களிலிருந்து பிளாஸ்மாவின் பெரும்பகுதியை அகற்றிவிட்டு, உப்புகளையும் வளர்சிதை மாற்றத்துக்கு உதவும் பொருள்களையும் அளந்து சேர்த்த செயற்கைத் திரவம் ஒன்றை ஊற்றும் வழக்கம் உருவானது. தட்டணுக் கூட்டுக் கரைசல் எனப்படும் இத்திரவம் தட்டணுக்களின் தரத்தை உயர்த்துகிறது என்ற கூற்று மருத்துவ இலக்கியத்தில் பரவலாக உள்ளது. அந்தக் கூற்றுக்குள் இரண்டு வேறு செய்திகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன: கரைசல் எதைச் சேர்க்கிறது என்பது ஒன்று, அது இடம்பிடித்ததால் எவ்வளவு பிளாஸ்மா குறைகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் உரிய சான்று எவ்வளவு வலுவானது என்று எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பைக்குள் நிகழும் சிதைவு

எலும்பு மஜ்ஜையிலுள்ள பேரணுக்களிலிருந்து உதிரும் சிறு துண்டுகளே தட்டணுக்கள். இரண்டு அல்லது மூன்று மைக்ரோமீட்டர் குறுக்களவு கொண்ட இவற்றுக்கு உட்கரு இல்லை. ஆனால் ஆற்றலை உருவாக்கும் இழைமணிகள் உண்டு, இரத்தம் உறைவதற்குத் துணைசெய்யும் பொருள்களை அடைத்து வைத்த நுண்பைகளும் உண்டு. ஆரோக்கியமானவரின் இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை காணப்படும் இவை, உடலுக்குள் 8 முதல் 10 நாள்கள் வாழ்ந்து, பின்னர் மண்ணீரலிலும் கல்லீரலிலும் அகற்றப்படுகின்றன. இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிபட்ட இடத்தில் ஒட்டிக்கொள்வது, வடிவம் மாறுவது, நுண்பைகளை வெளியே கொட்டுவது, ஒன்றோடொன்று பிணைந்து அடைப்பாவது ஆகியவை இவற்றின் பணிகள்.

இப்பணிகளுக்கு எந்நேரமும் ஆயத்தமாக இருப்பதுதான் சேமிப்பில் இவற்றைக் காப்பதைக் கடினமாக்குகிறது. ஊசியின் வழியே வெளியேறுவது, விசையுடன் சுழற்றிப் பிரிக்கப்படுவது, பிளாஸ்டிக் பரப்பில் படுவது ஆகிய ஒவ்வொன்றும் தட்டணுவைக் கிளர்ச்சியுறச் செய்யக்கூடும். அவ்வாறு கிளர்ச்சியுற்றது நோயாளியின் உடலை அடையும் முன்பே தன் சரக்கில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடுகிறது. அதனுடன் வளர்சிதை மாற்றமும் ஓயாமல் நடக்கிறது. தட்டணு குளுக்கோஸை உடைத்து ஆற்றல் பெறும்போது லாக்டிக் அமிலம் உண்டாகிறது. பிளாஸ்மாவிலுள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை ஈடுசெய்து கரியமில வாயுவாக மாறி, பையின் சுவர் வழியே வெளியேறுகிறது. பைகார்பனேட்டின் இருப்பு வரம்புக்கு உட்பட்டது என்பதால், அது தீர்ந்த பின் அமிலத்தன்மை விரைந்து ஏறுகிறது. அமில-கார நிலையைக் காட்டும் பிஎச் அளவு 6.2க்குக் கீழே இறங்கினால் தட்டணுக்கள் தட்டு வடிவத்தை இழந்து உருண்டைகளாகின்றன, உடலுக்குள் ஏற்றப்பட்ட பின் நீடிக்கும் திறனையும் இழக்கின்றன. அமெரிக்க விதிகள் 6.2ஐயும் ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் 6.4ஐயும் கீழ்வரம்பாகக் கொண்டிருப்பது இதனால்தான். கிளர்ச்சி, அமிலமேற்றம், ஆற்றலிழப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் மாற்றங்களே சேமிப்புச் சிதைவு என்ற பொதுப்பெயரால் குறிக்கப்படுகின்றன.

3. கரைசலுக்கு முன்: வெப்பநிலையும் பையும்

சேமிப்புக் கரைசலின் இடத்தைச் சரியாக மதிப்பிட வேண்டுமானால், அதற்கு முன்பே தட்டணுவின் தரத்தை நிர்ணயித்த இரண்டு மாற்றங்களை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, வெப்பநிலை. 1960களில் தட்டணுக்களும் பிற கூறுகளைப் போலவே 4 டிகிரி செல்சியஸில் வைக்கப்பட்டன. ஸ்காட் மர்ஃபியும் ஃபிராங்க் கார்ட்னரும் 1969இல் வெளியிட்ட ஆய்வு, குளிரில் வைக்கப்பட்ட தட்டணுக்கள் உடலில் ஏற்றப்பட்டதும் விரைவில் மறைந்துவிடுவதையும், 22 டிகிரியில் வைக்கப்பட்டவை பல நாள்கள் சுற்றோட்டத்தில் நீடிப்பதையும் காட்டியது. இன்றைய 20 முதல் 24 டிகிரி வரையிலான சேமிப்பு முறையின் அடித்தளம் அந்த ஆய்வே.

இரண்டாவது, பை. அறை வெப்பநிலையில் வளர்சிதை மாற்றம் வேகமாக நடப்பதால் தட்டணுக்களுக்கு இடைவிடாமல் ஆக்சிஜன் தேவை. தொடக்கக் காலப் பைகளின் சுவர் வழியே போதிய ஆக்சிஜன் புகவில்லை. அதனால் இழைமணிகள் முடங்க, தட்டணுக்கள் ஆக்சிஜன் வேண்டாத வழியில் குளுக்கோஸை எரித்து லாக்டிக் அமிலத்தைக் குவித்தன. வாயுக்களை எளிதாகக் கடத்தும் பாலியோலிஃபின் பைகளும், வேறு நெகிழ்வூட்டிகள் சேர்த்த பாலிவினைல் குளோரைடு பைகளும் வந்த பிறகே 3 நாள்களாக இருந்த காலவரம்பு 5 நாள்களாக நீண்டது. பையை மெதுவாக அசைத்துக்கொண்டே இருக்கும் அஜிட்டேட்டர் எனும் கருவியும் இந்த வாயுப் பரிமாற்றத்துக்காகவே வைக்கப்படுகிறது. அமெரிக்காவில் 1984இல் 7 நாள்களாக உயர்த்தப்பட்ட வரம்பு 1986இல் மீண்டும் 5 நாள்களாகக் குறைக்கப்பட்டது; தட்டணுக்கள் கெட்டது அதற்குக் காரணமன்று, அதே வெப்பநிலை பாக்டீரியாக்களுக்கும் ஏற்றதாக இருந்ததே காரணம்.

இந்த வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. தட்டணுவைப் பைக்குள் ஐந்து நாள்கள் உயிர்ப்புடன் வைத்திருக்கும் சிக்கலில் பெரும்பகுதி, கரைசல்கள் புழக்கத்துக்கு வரும் முன்பே வெப்பநிலையாலும் பையாலும் அசைவாலும் தீர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே, கரைசலின் பங்களிப்பை அளக்கும்போது ஒப்பீட்டுக்கு நிற்பது கெட்டுப்போன தட்டணு அன்று. நல்ல பையில், பிளாஸ்மாவில், ஓரளவு நன்றாகவே காக்கப்பட்ட தட்டணு.

4. கரைசலில் சேர்க்கப்பட்டவை

1980களின் நடுப்பகுதியில் கனடாவின் கெயில் ராக் முதலான ஆய்வாளர்கள், நரம்புவழி ஏற்றும் மின்பகு திரவங்களை ஒத்த கரைசல்களில் தட்டணுக்களை வைத்துப் பார்த்தனர். பிளாஸ்மா அகற்றப்பட்டாலும் அவை பிழைத்தன என்பது அன்று புதிய செய்தி. அதைத் தொடர்ந்து எதைச் சேர்த்தால் என்ன நிகழ்கிறது என்ற தேடல் தொடங்கியது. இன்று புழக்கத்திலுள்ள கரைசல்களை அவற்றின் சேர்மானத்தைக் கொண்டு ஏ முதல் ஜி வரை எழுத்திட்டு வகைப்படுத்தும் பொதுமுறை 2010இல் முன்வைக்கப்பட்டது. டி-சால் எனப்படும் பி வகையில் உப்புடன் சிட்ரேட்டும் அசிட்டேட்டும் மட்டுமே உள்ளன, இன்டர்சால் எனப்படும் சி வகையில் பாஸ்பேட் சேர்கிறது, எஸ்.எஸ்.பி. பிளஸ் எனப்படும் ஈ வகையில் இவற்றுடன் மக்னீசியமும் பொட்டாசியமும் சேர்கின்றன. காம்போசால், ஐசோபிளேட் போன்றவற்றில் குளுக்கோனேட்டும் உண்டு. பெரும்பாலும் பையில் 65 முதல் 70 விழுக்காடு கரைசலும் மீதி பிளாஸ்மாவும் இருக்கும்.

இச்சேர்மானங்களுள் நன்கு விளங்கிக்கொள்ளப்பட்டது அசிட்டேட். தட்டணு அசிட்டேட்டை இழைமணிக்குள் எடுத்துச்சென்று ஆக்சிஜனுடன் எரிக்கிறது. அந்த எரிப்பில் ஹைட்ரஜன் அயனி ஒன்று செலவாகிறது. விளைவைப் பார்த்தால், அசிட்டேட் எரியும் அளவுக்குப் பைகார்பனேட் புதிதாகக் கிடைக்கிறது. ஆகவே, அசிட்டேட் தட்டணுவுக்கு எரிபொருளாகவும் அமிலத்தைத் தணிப்பதாகவும் ஒருசேரப் பயன்படுகிறது. குளுக்கோஸை உடைக்க வேண்டிய தேவை குறைவதால் லாக்டிக் அமிலத்தின் உற்பத்தியும் குறைகிறது. சேமிப்பின்போது தட்டணுக்கள் கரிம அயனிகளை எரிப்பதே பிஎச் அளவைத் தாங்கிப் பிடிக்கிறது என்பதை மர்ஃபி 1995இல் விளக்கினார். பைகார்பனேட் வளம் மிகுந்த பிளாஸ்மாவில் மூன்றில் இரண்டு பங்கு அகற்றப்பட்ட பின்பும் பிஎச் நிலைகுலையாமல் நிற்பதன் விடை இதுவே.

மக்னீசியமும் பொட்டாசியமும் வேறு வகையில் துணைசெய்கின்றன. இவை இல்லாத கரைசலில் தட்டணுக்கள் கூடுதலாகக் கிளர்ச்சியுறுகின்றன, குளுக்கோஸையும் வேகமாகச் செலவழிக்கின்றன. இவற்றைச் சேர்த்தபோது பி-செலக்டின் எனும் கிளர்ச்சியின் அடையாளப் புரதம் அணுவின் மேற்பரப்பில் குறைவாகத் தோன்றியதை நெதர்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் காட்டின. சிட்ரேட் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு உறைதலைத் தடுக்கிறது. பாஸ்பேட்டின் கதை சற்றுச் சிக்கலானது: அது அமிலத்தைத் தணிக்கவும் செய்கிறது, குளுக்கோஸ் உடைப்பைத் தூண்டவும் செய்கிறது.

குளுக்கோஸின் நிலை தனித்துக் கவனிக்கத்தக்கது. தட்டணுவுக்கு இன்றியமையாத இந்தச் சர்க்கரை பெரும்பாலான கரைசல்களில் சேர்க்கப்படுவதில்லை. காரணம் உயிரியல் சார்ந்ததன்று, தயாரிப்பு முறை சார்ந்தது: நடுநிலையான பிஎச் அளவில் குளுக்கோஸ் கலந்த கரைசலை வெப்பத்தால் கிருமிநீக்கம் செய்யும்போது சர்க்கரை கருகிப் பழுப்பேறுகிறது. அதனால் பையில் எஞ்சவிடப்படும் பிளாஸ்மாவே குளுக்கோஸைத் தர வேண்டியிருக்கிறது. எஞ்சும் பிளாஸ்மா மிகக் குறைந்தால், சேமிப்புக் காலம் முடியும் முன்பே குளுக்கோஸ் தீர்ந்து, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி சரிந்து, தட்டணுக்கள் வீழ்கின்றன. மூன்றில் ஒரு பங்கு பிளாஸ்மாவை விட்டுவைக்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். தட்டணுவுக்கு உகந்த சமன்பாடும் தொழிற்கூடத்தில் இயலக்கூடியதும் இங்கே ஒன்றையொன்று வரையறுத்திருக்கின்றன.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால், சேர்க்கப்பட்ட பொருள்களின் முதற்பணி, அகற்றப்பட்ட பிளாஸ்மா செய்துவந்த வேலையை ஈடுகட்டுவதாகவே தெரிகிறது. பிளாஸ்மாவை விஞ்சுவதற்காக அன்றி, பிளாஸ்மா இல்லாததால் வரும் இழப்பைத் தவிர்ப்பதற்காகவே கரைசல்கள் தலைமுறை தலைமுறையாகத் திருத்தப்பட்டன.

5. பைக்குள் அளக்கப்படும் தரம்

இரத்த வங்கியில் ஒரு பையின் தரத்தை அறிய மிக எளிய வழி அதை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பது. பணியாளர் பையை விளக்கின் முன் உயர்த்தி விரல்களால் மெல்ல அழுத்தும்போது, தட்டு வடிவம் குலையாத அணுக்கள் திரவ ஓட்டத்தோடு ஒருமுகமாகத் திரும்பி ஒளியைச் சிதறடிக்கின்றன. அப்போது வெளிர்மஞ்சள் திரவத்துக்குள் பட்டுத்துணியை அசைத்தாற்போன்ற மினுக்கம் சுழன்று நகர்கிறது. ஸ்விர்லிங் என்று வழங்கப்படும் இந்த மினுக்கம், அணுக்கள் உருண்டுவிட்ட பையில் தோன்றுவதில்லை. எவ்வளவு அசைத்தாலும் திரவம் மங்கலாகவே நிற்கும். கருவி எதுவும் வேண்டாத இச்சோதனை பிஎச் அளவோடு நன்கு பொருந்துகிறது என்பதால் இன்றும் கைவிடப்படவில்லை.

ஆய்வுக்கூடத்தில் இதனினும் நுட்பமான அளவைகள் உண்டு: லாக்டிக் அமிலம், குளுக்கோஸ், ஆக்சிஜன் அழுத்தம், ஏடிபி, மேற்பரப்பில் தோன்றும் பி-செலக்டின், செல் சாவின் அடையாளமாக வெளிப்புறம் திரும்பும் பாஸ்ஃபாட்டிடைல்செரின், நீர்த்த திரவத்தில் வீங்கி மீளும் திறன் ஆகியவை. அசிட்டேட், மக்னீசியம், பொட்டாசியம் மூன்றும் உள்ள பிந்தைய கரைசல்களில் வைத்த தட்டணுக்கள் இந்த அளவைகளுள் பலவற்றில் பிளாஸ்மாவில் வைத்தவற்றுக்கு இணையாகவும் சிலவற்றில் மேலாகவும் இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் இந்த எண்கள் எதைக் கூறுகின்றன என்பதில் எச்சரிக்கை தேவை. மிக மோசமான பையை இவை நம்பகமாகக் கண்டுபிடிக்கும். பிஎச் 6க்குக் கீழ் இறங்கிய பையில் பயனுள்ள தட்டணு இல்லை என்பதில் ஐயமில்லை. ஓரளவு நல்ல இரண்டு பைகளுள் எது நோயாளியின் இரத்தக்கசிவை நன்றாக நிறுத்தும் என்பதை அவை முன்னறிவிப்பதில்லை. கிளர்ச்சியின் அடையாளத்தைக் கெடுதலாகவே கொள்வதிலும் சிக்கல் உண்டு. கசிவை நிறுத்த வேண்டிய இடத்தில் தட்டணு செய்ய வேண்டியதும் கிளர்ச்சியுறுவதே. இந்த இடைவெளியை நிரப்ப, தன்னார்வலரின் தட்டணுக்களைச் சேமித்து, கதிரியக்க அடையாளமிட்டு, அவருக்கே திருப்பி ஏற்றிப் பார்க்கும் முறை உருவானது. சேமித்தவை, அவருடைய புதிய தட்டணுக்களோடு ஒப்பிட, சுற்றோட்டத்துக்கு மீள்வதில் 66 விழுக்காடும், நீடிப்பதில் 58 விழுக்காடும் எட்ட வேண்டும் என்பது அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்ற அளவுகோல். அதுவும் ஆரோக்கியமானவரின் உடலில் அணு நீடிப்பதைத்தான் அளக்கிறதே தவிர, நோயாளியின் கசிவு நிற்பதை அன்று.

6. நோயாளிகளிடம் கிடைத்த சான்று

நோயாளிகளிடம் செய்த ஆய்வுகளில் மிகத் தெளிவாகத் தெரிவது ஒவ்வாமை எதிர்வினைகள் குறைவதே. தட்டணு ஏற்றியதும் தோல் தடித்து அரிப்பது, சிலருக்கு மூச்சு இறுகுவது போன்ற எதிர்வினைகள், கரைசலில் வைத்த தட்டணுக்களை ஏற்றியபோது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகள் காட்டுகின்றன. ஐரோப்பியச் சோதனைகளும் அதே திசையில் உள்ளன. இதன் காரணம் புரியாததன்று. இவ்வெதிர்வினைகளுக்குப் பெரிதும் காரணமாவது தட்டணு அன்று, அதனுடன் செல்லும் கொடையாளரின் பிளாஸ்மாப் புரதங்களே.

இந்த விளக்கத்துக்கு அழுத்தமான சான்று கரைசல்களைப் பற்றியதல்லாத ஓர் ஆய்விலிருந்து வருகிறது. கனடாவின் நான்சி ஹெடில் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், சேமித்த தட்டணுப் பையிலுள்ள அணுக்களையும் பிளாஸ்மாவையும் பிரித்து, அதே நோயாளிகளுக்குத் தனித்தனியாக ஏற்றினர். காய்ச்சல், குளிர்நடுக்கம் முதலியவை அணுக்களைவிடப் பிளாஸ்மாப் பகுதியாலேயே மிகுதியாக ஏற்பட்டன. சேமிப்பின்போது வெள்ளணுக்கள் வெளியிட்டுப் பிளாஸ்மாவில் குவிந்த சைட்டோகைன்களே அதற்குக் காரணமாகத் தெரிந்தன. தட்டணுக்களைக் கழுவி ஏற்றினால் ஒவ்வாமை மிகவும் குறைகிறது என்ற நீண்டகால அனுபவமும் இதையே உறுதிசெய்கிறது. கழுவுவதில் அணுக்கள் இழக்கப்படுகின்றன, கிளர்ச்சியுறுகின்றன என்பதுதான் அம்முறையின் குறை.

இரத்த வகை பொருந்தாத சூழலும் இதே வரிசையில் வருகிறது. ஓ வகைக் கொடையாளரின் பிளாஸ்மாவில் ஏ, பி வகைகளுக்கு எதிரான நோயெதிர்ப்புப் பொருள்கள் உண்டு. அவற்றின் செறிவு மிகுந்த பையை ஏ வகை நோயாளிக்கு ஏற்றினால் சிவப்பணுக்கள் சிதையும் அபாயம் உண்டு. தட்டணுத் தட்டுப்பாட்டால் வகை மாற்றி ஏற்ற நேரும் மருத்துவமனைகளில், பிளாஸ்மாவின் மூன்றில் இரண்டு பங்கைக் குறைப்பது அந்த அபாயத்தையும் குறைக்கிறது. அகற்றிய பிளாஸ்மாவை இம்யூனோகுளோபுலின் போன்ற மருந்துகள் தயாரிக்க அனுப்பலாம் என்பதும் ஒரு நன்மையே. இவை அனைத்தும் குறைத்ததன் பயன்கள். கரைசலில் எந்த உப்பு இருந்தது என்பதை இவை பெரிதும் சார்ந்தவையல்ல.

சேர்த்ததன் பயனை அறிய, ஏற்றிய பின் நோயாளியின் தட்டணு எண்ணிக்கை எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்பது வழக்கம். உடற்பரப்பையும் ஏற்றிய அளவையும் கணக்கில் கொண்டு இவ்வுயர்வு திருத்திக் கூறப்படுகிறது. நெதர்லாந்தில் பல மருத்துவமனைகள் இணைந்து நடத்தி 2006இல் வெளியான சோதனையில், டி-சால் வகைக் கரைசலில் வைத்த தட்டணுக்கள், பிளாஸ்மாவில் வைத்தவற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவான உயர்வையே தந்தன, எதிர்வினைகள் குறைந்தன, இரத்தக்கசிவில் வேறுபாடு காணப்படவில்லை. இம்முடிவைக் கொண்டு எல்லாக் கரைசல்களும் தட்டணுவை நலிவிக்கின்றன என்று கூறுவது பொருந்தாது. ஆய்வுக்கு உட்பட்டது மக்னீசியமும் பொட்டாசியமும் இல்லாத முந்தைய தலைமுறைக் கரைசல். அதுபோலவே, பிந்தைய கரைசலின் நல்ல முடிவைக் கொண்டு முந்தையதைப் பரிந்துரைப்பதும் பொருந்தாது. ‘கரைசல்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் வேறுபட்ட திரவங்களைக் கூட்டிச் சராசரி காணும் தொகுப்பாய்வுகள் இந்த இடத்தில் வாசகரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடும்.

எண்ணிக்கை உயர்வே இறுதி அளவுகோலா என்ற கேள்வியும் உண்டு. ஷெரில் ஸ்லிக்டர் தலைமையில் நடந்து 2010இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 1,272 நோயாளிகள் குறைந்த, நடுத்தர, மிகுந்த அளவுகளில் தட்டணுக்களைப் பெற்றனர். எண்ணிக்கை அளவுக்கேற்ப வேறுபட்டபோதும், கசிவு மூன்று பிரிவுகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. டெங்குக் காய்ச்சலில் எண்ணிக்கை சரிந்ததைக் கண்டு தட்டணு தேடி அலையும் குடும்பங்களைத் தமிழ்நாடு நன்கு அறியும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடத்தப்பட்டு 2017இல் வெளியான சோதனை, எண்ணிக்கை 20,000 அல்லது அதற்குக் கீழே இருந்த வயதுவந்த டெங்கு நோயாளிகளுக்கு முன்தடுப்பாகத் தட்டணு ஏற்றியதால் கசிவு குறையவில்லை என்றும் எதிர்வினைகள் கூடின என்றும் கண்டது. எண்ணிக்கையும் கசிவும் ஒன்றல்ல என்பது உறுதியாகும்போது, எண்ணிக்கையில் காணும் சிறு வேறுபாட்டைக் கொண்டு ஒரு கரைசலை உயர்த்தவோ தள்ளவோ செய்யும் வாதம் வலுவிழக்கிறது.

7. கிருமிநீக்கமும் குளிர்ச் சேமிப்பும்: காரணங்களைப் பிரித்தறிதல்

கரைசலின் விளைவை வேறொன்றின் விளைவோடு குழப்பிக்கொள்ளும் வாய்ப்பு கிருமிநீக்க முறையில் மிகுதி. அமோட்டோசாலென் எனும் பொருளைச் சேர்த்துப் புற ஊதா ஏ கதிரைச் செலுத்தினால், அது கிருமிகளின் மரபணுச் சரங்களைப் பிணைத்து அவை பெருகாமல் தடுக்கிறது. பிளாஸ்மா மிகுந்தால் இந்த வினை தடைபடும் என்பதால், இம்முறை கூட்டுக் கரைசலைச் சார்ந்தே வடிவமைக்கப்பட்டது. 2004இல் வெளியான 645 நோயாளிகளின் அமெரிக்கச் சோதனையில், இவ்வாறு கிருமிநீக்கிய தட்டணுக்கள் பிளாஸ்மாவில் வைத்த வழக்கமான தட்டணுக்களோடு ஒப்பிடப்பட்டன. குறிப்பிட்ட தரநிலைக் கசிவு இரு பிரிவுகளிலும் ஒத்திருந்தது, எண்ணிக்கை உயர்வோ கிருமிநீக்கிய பிரிவில் குறைவாக இருந்தது. இந்தக் குறைவு கதிரால் வந்ததா கரைசலால் வந்ததா என்பதை அந்த அமைப்பில் கூற வழியில்லை. ஒரு பிரிவில் இரண்டு மாற்றங்களும் ஒன்றாகச் செய்யப்பட்டிருந்தன.

நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான சோதனை மூன்று பிரிவுகளை வைத்தது: பிளாஸ்மாவில் வைத்தவை, கரைசலில் வைத்தவை, கரைசலில் வைத்துக் கிருமிநீக்கியவை. கரைசலில் வைத்தவை பிளாஸ்மாவில் வைத்தவற்றுக்கு நெருங்கிய உயர்வைத் தந்தன. தெளிவான சரிவு கிருமிநீக்கிய பிரிவிலேயே காணப்பட்டது. மூன்றாவது பிரிவு ஒன்றைச் சேர்த்ததனால் மட்டுமே, கரைசலின்மீது விழுந்திருக்கக்கூடிய பழி உரிய இடத்துக்கு மாற்றப்பட்டது. ஆய்வு அமைப்பு முடிவை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

1969க்குப் பின் கைவிடப்பட்ட குளிர்ச் சேமிப்பு இன்று மீண்டும் பேசப்படுகிறது. குளிரில் தட்டணுவின் மேற்பரப்பு ஏற்பிகள் திரண்டு, சர்க்கரைச் சங்கிலிகள் மாற்றமுற்று, கல்லீரலின் விழுங்கணுக்கள் அவற்றை அடையாளம் கண்டு அகற்றுகின்றன என்பதை காரின் ஹாஃப்மைஸ்டர் குழுவினர் 2003இல் விளக்கினர். ஆனால் விபத்திலோ அறுவையிலோ இரத்தம் பெருகும் நோயாளிக்குத் தட்டணு பல நாள்கள் சுற்றிவர வேண்டியதில்லை, அந்த நேரத்தில் கசிவை நிறுத்தினால் போதும். இந்தத் தேவைக்காக, வழக்கமான தட்டணு கிடைக்காத நிலையில், குளிரில் 14 நாள்கள் வரை வைத்தவற்றைக் கசிவுள்ள நோயாளிகளுக்கு ஏற்ற 2023இல் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு வழிவிட்டது. நார்வேயின் பெர்கன் நகரில் இதய அறுவை நோயாளிகளிடம் நடந்த முன்னோட்டச் சோதனையில் கரைசலில் இட்ட குளிர்த் தட்டணுக்களே பயன்படுத்தப்பட்டன. குளிர்ந்த பிளாஸ்மாவில் ஃபைப்ரின் இழைகளோடு தட்டணுக்கள் கட்டிகளாகத் திரள்வதுண்டு. பிளாஸ்மாவைக் குறைப்பது அந்தத் திரட்சியையும் குறைக்கிறது. கரைசலுக்கு எதிர்காலத்தில் பெரும்பங்கு இருக்குமானால் அது இங்கேயே அமையக்கூடும் என்றாலும், இங்கும் முதன்மையாகச் செயல்படுவது குறைத்தலே.

மறுபக்கமும் கூறப்பட வேண்டும். பிளாஸ்மாவில் உறைதலுக்குரிய புரதங்கள் உள்ளன. பெருங்கசிவில் இருக்கும் நோயாளிக்கு அவையும் தேவை. கரைசலில் வைத்த தட்டணுக்களை ஏற்றும்போது அந்தப் புரதங்கள் உடன் செல்வதில்லை என்பதை மருத்துவர் கணக்கில் கொண்டு, பிளாஸ்மாவைத் தனியே தருவதைப் பற்றி முடிவுசெய்ய வேண்டும். குறைத்தல் எல்லா நோயாளிக்கும் ஒரே அளவில் நன்மையன்று.

8. முடிவுரை

இதுவரை நோக்கிய சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளைக் கூறலாம். முதலாவது, கூட்டுக் கரைசலால் நோயாளிக்குக் கிடைத்த ஐயத்துக்கிடமில்லாத நன்மை எதிர்வினைகள் குறைந்ததே. அது பிளாஸ்மா குறைந்ததால் வந்த நன்மை. இரண்டாவது, அசிட்டேட், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றின் சேர்க்கை, பிளாஸ்மாவைக் குறைத்தாலும் தட்டணு நலியாமல் காக்கும் திறனைக் கரைசலுக்கு அளித்தது. அந்தச் சேர்க்கை இல்லாமல் முதல் நன்மையைத் தக்க விலையில் பெற்றிருக்க முடியாது. மூன்றாவது, எந்தக் கரைசலும் பிளாஸ்மாவைவிடச் சிறப்பாக இரத்தக்கசிவை நிறுத்துகிறது என்பது நோயாளிகளிடம் நிறுவப்படவில்லை. ‘தரம் உயர்ந்தது’ என்ற பொதுக்கூற்று இம்மூன்றையும் ஒன்றாக்கி, நிறுவப்பட்டதற்குரிய நம்பகத்தன்மையை நிறுவப்படாததற்கும் வழங்கிவிடுகிறது.

இப்பிரிப்பு ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. மீண்டும் மீண்டும் ஒவ்வாமைக்கு உள்ளாகும் புற்றுநோயாளிக்கும், இரத்த வகை மாற்றி ஏற்ற நேரும் நோயாளிக்கும் கரைசலில் வைத்த தட்டணுவைத் தேடித் தருவதற்குப் போதிய சான்று இப்போதே உண்டு. எல்லா நோயாளிக்கும் அதையே கட்டாயமாக்குவதற்கு, செலவையும் தயாரிப்பு முறையையும் சேர்த்துச் சிந்திக்க வேண்டும்; வெள்ளணுப் படலத்திலிருந்து பல கொடையாளரின் தட்டணுக்களைத் திரட்டும் ஐரோப்பிய முறைக்கும் கருவிவழி ஒரே கொடையாளரிடம் எடுக்கும் முறைக்கும் கரைசல் எளிதாகப் பொருந்துகிறது; ஒவ்வொரு கொடையாளரின் தட்டணுவையும் சிறு பையில் அவருடைய பிளாஸ்மாவிலேயே வைக்கும், இந்தியாவில் பரவலாக உள்ள முறைக்கு அது அவ்வளவு எளிதாகப் பொருந்துவதில்லை. இனி வரும் சோதனைகள் கரைசலின் வகையைப் பெயரிட்டுக் கூற வேண்டும், கிருமிநீக்கம் போன்ற உடன்மாற்றங்களுக்குத் தனிப்பிரிவு வைக்க வேண்டும், எண்ணிக்கை உயர்வோடு நில்லாமல் கசிவையே இறுதி அளவையாகக் கொள்ள வேண்டும். பெயர் அறியாத ஒருவருக்காக ஒரு மணி நேரம் ஊசியோடு அமர்ந்திருந்த கொடையாளருக்கும், அதை நம்பிப் படுத்திருக்கும் நோயாளிக்கும் அறிவியல் செலுத்த வேண்டிய கடன் இந்தத் துல்லியமே.